பழமா, பணமா? சாலிகிராமத்து இருட்டறையில் இரண்டு நாள்

வடபழனி மெட்ரோவில் இறங்கி ஆற்காடு ரோட்டில் போரூர் பக்கமாக நடந்து பாருங்கள். காதுக்கு ஒரு நிமிடம்கூட ஓய்வு கிடைக்காது. பஸ் ஹாரன், ஆட்டோ, புதிய மெட்ரோ பாதையின் தூண்களுக்கு அடியில் முண்டியடிக்கும் பைக்குகள், டீக்கடைப் பாட்டு என எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். ஏவி.எம். ஸ்டூடியோவின் உலக உருண்டையைத் தாண்டி, அருணாசலம் ரோட்டுப் பக்கம் திரும்பி, பிரசாத் வளாகத்தையும் கடந்து உள்தெருக்களுக்குள் நுழைந்தால்தான் இரைச்சல் கொஞ்சம் அடங்கும்.

நாம் தியேட்டரில் கேட்கும் பல படங்களின் ஒலி கடைசியாக ஒன்றுசேர்வது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். வெளியே பார்த்தால் சாதாரண மாடிக் கட்டடம். போர்டுகூடச் சின்னதாகத்தான் இருக்கும். வாசலில் பத்துப் பதினைந்து ஜோடி செருப்புகள் கிடக்கும். உள்ளே போனால் ஒரு முழு சினிமா தியேட்டர்! திரை உண்டு, இருட்டு உண்டு, நடுங்க வைக்கும் ஏ.சி. உண்டு. ஜனங்கள் மட்டும் இல்லை. நாற்காலி வரிசைகள் இருக்க வேண்டிய இடத்தில், அறையின் குறுக்கே ஒரு நீளமான மேஜை. அதன்மேல் ஏறி இறங்கும் நூற்றுக்கணக்கான பட்டன்கள்.

இதுதான் மிக்ஸிங் தியேட்டர். ஒரு படத்தின் இறுதி மிக்ஸிங் நடந்தபோது, இப்படி ஓர் அறையின் கடைசி வரிசை சோபாவில் இரண்டு நாள் உட்கார இடம் கிடைத்தது. படம் இன்னும் வெளிவரவில்லை என்பதால் பெயர்களை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஆர்.ஆர். வேறு, மிக்ஸிங் வேறு

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கோடம்பாக்கத்தில் 'ரீ-ரெக்கார்டிங்' அல்லது 'ஆர்.ஆர்.' என்றால் பின்னணி இசை. இசையமைப்பாளர் படத்தைப் பார்த்து வயலினும் புல்லாங்குழலும் சேர்க்கும் வேலை. ஆனால், உலகம் முழுக்க 'ரீ-ரெக்கார்டிங் மிக்ஸர்' என்று அழைக்கப்படுபவர் இசையமைப்பாளர் அல்ல. ஏற்கெனவே தனித்தனியாகப் பதிவான வசனம், இசை, சத்தங்கள் எல்லாவற்றையும் கலந்து, ஒரே ஒலியாக மறுபதிவு செய்பவர். தேசிய விருதுகளில் ஒலிக்கான விருது, படப்பிடிப்புத் தளத்தில் ஒலியைப் பதிவு செய்பவர், ஒலி வடிவமைப்பாளர், இறுதிக் கலவை செய்பவர் என்று மூன்றாகப் பிரிந்தது 2009-ம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். 'ஒத்த செருப்பு சைஸ் 7' படத்துக்காக ரசூல் பூக்குட்டி பெற்றது அந்த மூன்றாவது விருது.

கலப்பதற்கு என்னவெல்லாம் வரும்? பட்டியல் பெரியது. டப்பிங்கில் பேசிய வசனம். படப்பிடிப்பிலேயே பதிவான வசனம். செருப்புச் சத்தம், வளையல் சத்தம், புடவை உரசல் என்று கலைஞர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே செய்துகாட்டிப் பதிவு செய்யும் 'ஃபோலி'. காக்கை, குக்கர் விசில், தெருவில் போகும் கீரைக்காரம்மா குரல் என்று அந்த இடத்துக்கே உரிய சூழல் ஒலி. அடிதடி, வெடி, வண்டிகள். அதன்பின் பாட்டு, பின்னணி இசை. ஒரே காட்சிக்கு நூறு தடங்களுக்கு மேல் வருவது சாதாரணம். முதலில் வசனத்தை மட்டும் சுத்தம் செய்வார்கள், பிறகு சத்தங்களை ஒழுங்கு செய்வார்கள். இது ப்ரீ-மிக்ஸ். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து அமர்வது ஃபைனல் மிக்ஸ்.

ஒரே மைக்கிலிருந்து 128 தடம் வரை

சென்னையிலேயே எடுக்கப்பட்ட முதல் பேசும் படம் என்று சொல்லப்படும் 'சீனிவாச கல்யாணம்' 1934-ல் வந்தது. அதற்கு ஒலிப்பதிவு செய்தவர் மீனா நாராயணன் என்ற பெண்மணி. ஆண்களே அதிகம் எட்டிப் பார்க்காத துறையில் அப்போதே ஒரு பெண் இருந்திருக்கிறார். அந்தக் காலத்தில் நடிப்பு, பேச்சு, பாட்டு எல்லாம் ஒரே நேரத்தில், படப்பிடிப்புத் தளத்து மைக்கிலேயே பதிவாகும். வெளியே காக்கை கரைந்தால் அதுவும் சேர்ந்தே விழும். அதனால் காக்கை விரட்டத் தனி ஆள் வைத்திருந்தார்கள் என்று பழைய சினிமாக்காரர்கள் கதை சொல்வார்கள்.

குரலையும் முகத்தையும் பிரிக்கலாம் என்ற எண்ணம் மெல்ல வந்தது. 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் பாட, இன்னொருவர் வாயசைத்தார். கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வை 1944-ல் தமிழ்க் குரல்களோடு வெளியிட்டார் ஏ.வி.மெய்யப்பன். பிரித்தால் மறுபடி சேர்க்கத்தானே வேண்டும்? அங்கேதான் இந்தத் தொழில் பிறக்கிறது.

ஃபிலிம் காலத்தில் வசனம் ஒரு சுருள், இசை ஒரு சுருள், சத்தம் ஒரு சுருள் என்று காந்தப் பூச்சுள்ள சுருள்களை ஒன்றாக ஓடவிட்டுக் கலந்தார்கள். ஆயிரம் அடிச் சுருள் என்றால் சுமார் 11 நிமிடம். ஆரம்ப காலத்தில் நடுவில் நிறுத்தித் திருத்த வசதியில்லை. பத்தாவது நிமிடத்தில் கை தவறினால் மறுபடி முதலிலிருந்து! இயக்குநரும் ஒலிப்பதிவாளரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். அந்தக் காலத்துச் சாதனங்களைப் பார்க்க ஆசை இருந்தால், 2023-ல் திறந்த ஏவி.எம். ஹெரிடேஜ் மியூசியம் இதே வடபழனியில்தான் இருக்கிறது.

1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்தது. திரைக்குப் பின்னால் மட்டும் கேட்ட சத்தம், பார்வையாளரின் முதுகுக்குப் பின்னாலும் கேட்கத் தொடங்கியது. அந்தத் தலைமுறையில் சென்னையின் பெருமை ஹெச்.ஸ்ரீதர். 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' படங்களுக்காகத் தேசிய விருது பெற்றவர், 2008-ல் மறைந்தார். மிக்ஸிங் அறைகளில் அவர் பெயரை இன்றும் மரியாதையோடு சொல்கிறார்கள். 2012-ல் 'சிவாஜி 3டி' மூலம் டால்பி அட்மாஸும் வந்துவிட்டது. அதில் ஒரே நேரத்தில் 128 தடங்கள் வரை அனுப்பலாம். கூரையிலிருந்தும் சத்தம் இறங்கும்.

வசதி இத்தனை வளர்ந்தபின், இந்த வேலையில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? மெஷின்தான் எல்லாம் செய்யுமே என்று தோன்றலாம். எனக்கும் பதில் கிடைத்தது இரண்டாம் நாள் மதியம்தான்.

பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மா

அந்த அறையில் உதவியாளராக இருப்பவர் தேனிப் பக்கத்துத் தம்பி. கல்லூரியில் ஒலிப்பதிவு படித்துவிட்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்கத் தடங்களுக்குப் பெயர் வைப்பது, வசனம் உதட்டசைவோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது, இரவில் எல்லாவற்றையும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து வைப்பது. இரண்டாம் வருடம் டப்பிங் உரிமைக்காக வசனம் இல்லாத தடம் தயாரிப்பது. தமிழ் வசனத்தை எடுத்துவிட்டால், அதோடு பதிவான நடை, கதவு, டம்ளர் சத்தமும் சேர்ந்து போய்விடும். அந்த ஓட்டைகளை எல்லாம் ஃபோலியால் அடைத்துக் கொடுத்தால்தான் தெலுங்கிலும் இந்தியிலும் படம் உயிரோடு இருக்கும். பொறுமையைச் சோதிக்கும் வேலை.

மூன்றாம் வருடம் இப்போது. ஒரு காட்சியை முழுதாக அவரையே கலந்து பார்க்கச் சொல்லியிருந்தார் மிக்ஸிங் எஞ்சினீயர். எல்லாருக்கும் அவர் 'அண்ணன்'.

காட்சி இதுதான்: அதிகாலை பஸ் ஸ்டாண்ட். வேலை தேடிச் சென்னைக்குக் கிளம்பும் மகனின் கையில் பையைக் கொடுத்து அம்மா மெதுவாகச் சொல்கிறார்: "பையில பழம் வச்சிருக்கேன்ப்பா." பின்னால் பஸ் என்ஜின் உறுமுகிறது. கண்டக்டர் விசில். முறுக்கு விற்பவரின் குரல். மேலே வயலின்கள்.

முறுக்குக்காரர் குரல், தம்பி தன் ஊர் பஸ் ஸ்டாண்டில் விடியற்காலையில் நின்று தானே பதிவு செய்து வந்தது. அவருக்கு அதில் தனிப் பெருமை. காட்சி ஓடியது. முடிந்ததும் அண்ணன் திரும்பி சோபாவைப் பார்த்தார்.

"சார், அம்மா என்ன சொன்னாங்க?"

"பணம் வச்சிருக்கேன்னு" என்றேன். பக்கத்தில் இருந்த தயாரிப்பு நிர்வாகியும் அதையேதான் சொன்னார்.

தம்பியின் முகம் மாறியது. ஏனென்றால் அடுத்த காட்சியில், பஸ்ஸில் பையைத் திறக்கும் மகன் இரண்டு வாழைப்பழத்தைப் பார்த்து அழுகிறான். அம்மாவிடம் பணமே இல்லை என்பதுதான் கதை. 'பணம்' என்று கேட்டுவிட்டால், பையிலிருந்த பணத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்று ஜனங்கள் நினைப்பார்கள். நடுவில் இருக்கும் ஓர் எழுத்து போனால் படமே வேறு படம்!

தம்பி உடனே அம்மா குரலை ஏற்றினார். மறுபடி ஓடியது. இப்போது தெளிவாகக் கேட்டது. ஆனால், அம்மா கூப்பாடு போடுவது போலிருந்தது.

"தம்பி, அவங்க ரகசியமாத்தானே சொல்றாங்க? நீ ஏன் கத்த வைக்கிற?"

"அப்ப வேற என்னண்ணே பண்றது?"

"அவங்களைத் தொடாத. மத்தவங்களைப் பாரு."

அதன்பின் நடந்ததைத்தான் நான் பாடம் என்று சொல்வேன். அண்ணன் மேஜையைத் தொடவில்லை. தம்பி ஒவ்வொன்றாகத் தேடினார். பஸ் என்ஜினின் கனமான உறுமலில், குரலோடு மோதும் பகுதியை மட்டும் மெலிதாக்கினார். ஒரு சத்தம் பலமாக இருந்தால், அதற்கு அருகிலுள்ள சுருதியில் வரும் மெல்லிய சத்தத்தை நம் காது கேட்காமல் விட்டுவிடும். ஒன்று மற்றொன்றை மூடி மறைக்கும். வார்த்தையின் தெளிவு மெய்யெழுத்துகளில் இருக்கிறது. அவை பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் உயிர்வாழ்கின்றன. வயலின்களும் அங்கேதான் மின்னும். எனவே, வசனம் வரும் இரண்டு வினாடிக்கு வயலினில் அந்த மினுமினுப்பைக் குறைத்தார். கண்டக்டர் விசிலை முழுசாக எடுத்துவிட்டார்.

மீதி இருந்தது முறுக்குக்காரர். தம்பி நீண்ட நேரம் அதைத் தொடவே இல்லை. பிறகு அந்தக் குரலை வசனத்துக்கு முன்னால் நகர்த்தி, இடதுபக்கப் பின் ஸ்பீக்கருக்கு அனுப்பினார். யாரோ தூரத்தில் கூவிக்கொண்டே கடந்து போவது போல ஆனது. அது தேய்ந்து முடிந்த இடத்தில் அம்மா பேசினார்.

"பையில பழம் வச்சிருக்கேன்ப்பா."

அம்மா குரலின் அளவு முதலில் இருந்த அதே இடத்தில்தான் இருந்தது. சுற்றி இருந்தவர்கள் வழிவிட்டார்கள், அவ்வளவுதான். இரண்டு நொடிக் காட்சிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. அண்ணன் "ம்ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்க எழுந்து போனார். அந்த அறையில் அது பெரிய பாராட்டு என்று பிறகு சொன்னார்கள்.

ஏன் இந்த அறை வேண்டும்?

இன்று லேப்டாப்பும் ஹெட்போனும் இருந்தால் வீட்டு மாடியிலேயே ஒலியைக் கலக்கலாம். நிறையப் பிள்ளைகள் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். குறும்படத்துக்கும் யூடியூபுக்கும் அது போதும். ஆனால், ஹெட்போனில் இடது காதுக்கும் வலது காதுக்கும் நடுவே ஓர் அறையே கிடையாது. நானூறு பேர் உட்காரும் கூடத்தில் ஒரு கிசுகிசுப்பு கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்போது என்ன ஆகும் என்பதை, அப்படி ஓர் அறையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

அதனால்தான் இந்த அறைகளில் அளவு சுத்தம் பார்க்கிறார்கள். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் மழை இரைச்சல் போல 'ஷ்ஷ்...' என்று ஒரு சத்தத்தை ஓடவிட்டு மீட்டரில் அளக்கிறார்கள். திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல் காட்ட வேண்டும். இது உலகம் முழுவதும் ஒரே கணக்கு. சத்தம் குறைந்தால் கனமான ஒலிகள் நம் காதில் சீக்கிரம் மங்கிவிடும். ஆகவே குறைந்த அளவில் கேட்டுக் கலந்தால், தியேட்டரில் 'டம் டம்' அதிகமாகிவிடும். ஒரே அளவில் கேட்டால்தான் ஒரே முடிவு.

பிரச்சினை இங்கே தொடங்குகிறது. தியேட்டரில் ஒலியின் அளவை 7-ல் வைக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த 7-ஐ நினைத்துத்தான் இங்கே கலக்கிறார்கள். ஆனால், விளம்பரங்களும் ட்ரெய்லர்களும் காதைப் பிளக்க, "சவுண்டைக் குறைங்கப்பா" என்று ஜனங்கள் சத்தம் போட, ஆபரேட்டர் ஐந்துக்கோ அதற்கும் கீழோ இறக்கிவிடுவார். படம் தொடங்கிய பிறகும் அது அங்கேயே நிற்கும். முதலில் காணாமல் போவது சண்டைக் காட்சி இல்லை, மெதுவாகப் பேசும் அம்மாதான். அதைப் பார்த்துப் பயந்து அடுத்த படத்தில் எல்லாவற்றையும் ஏற்றிக் கலக்கிறார்கள். அப்போது தியேட்டரில் இன்னும் குறைக்கிறார்கள். 'இந்தக் காலத்துப் படங்கள் ஒரே இரைச்சல்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் இந்தச் சங்கிலிக்கும் பங்கு உண்டு.

காதுதான் முதலீடு

முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்குத் தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் இருக்கிறது. 1945-ல் தொடங்கிய பழைய நிறுவனம். ஒலிப்பதிவு அங்கே ஒரு தனிப் படிப்பு. புனேயிலும் கொல்கத்தாவிலும் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரிகள் உள்ளன. ரசூல் பூக்குட்டி புனேயில் படித்தவர்தான். அவர் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக 2009-ல் ஆஸ்கர் வாங்கியபோது, இறுதிக் கலவை செய்த இயன் டாப், ரிச்சர்ட் ப்ரைக் இருவரும் அந்த விருதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆனால் எங்கே படித்தாலும், படிப்பு முடிந்தபின் ஒருவருக்குப் பின்னால் வருடக்கணக்கில் உட்கார்ந்தே ஆக வேண்டும். நாதஸ்வரமோ மிருதங்கமோ குருவின் பக்கத்தில் உட்கார்ந்து கற்பது போலத்தான். எந்த பட்டன் எதற்கு என்பதை ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதற்குக் குறுக்குவழி இல்லை.

காதைக் காப்பாற்றிக்கொள்வதும் படிப்பில் சேர்ந்ததுதான். சத்தமான காட்சி ஒன்று முடிந்தால் பத்து நிமிடம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். தம்பி பைக்கில் வரும்போது ஹெல்மெட்டுக்குள் காதடைப்பான் வைத்துக்கொள்கிறார். கல்யாண வீட்டு ஸ்பீக்கர் பக்கம் உட்காருவதில்லை. போனில் ஹெட்செட் மாட்டிப் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள். காதுக்குள் இருக்கும் நுண்ணிய செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

பேர் எங்கே வரும்?

ஊரில் அம்மாவுக்கு மகன் சினிமாவில் இருக்கிறான் என்று தெரியும். என்ன வேலை என்று சொல்லத்தான் முடியவில்லை. "பாட்டு போடுறியாப்பா?" என்று கேட்டாராம். இல்லை என்றதும், "அப்ப உன் பேரு எங்க வரும்?" என்று அடுத்த கேள்வி. கடைசியில் ஓடும் நீளப் பட்டியலில் உதவியாளர்கள் வரிசையில் வரும். அதற்குள் தியேட்டரில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். போன படத்தில் பேர் வரும்வரை உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவர் அம்மாதான். துடைப்பத்தோடு வந்தவர், "படம் முடிஞ்சுருச்சும்மா" என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

இந்தப் படம் வெளியானால், தம்பி முதல் வாரமே ஊருக்குப் போகப் போகிறார். அவர் ஊர் தியேட்டரில் இன்னும் ஃபேன்தான். அந்தச் சத்தமும் சேர்த்துத்தான் ஜனங்கள் படம் பார்க்கிறார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பஸ் ஸ்டாண்டு காட்சி வரும்போது திரையைப் பார்க்காமல் முன்னால் இருக்கும் தலைகளைப் பார்ப்பாராம். யாராவது பக்கத்து ஆளிடம் திரும்பி "என்ன சொன்னாங்க?" என்று கேட்கிறார்களா என்று. யாரும் கேட்காவிட்டால் அன்று ராத்திரியே பஸ் ஏறிவிடுவார். அடுத்த படத்தின் வசன ப்ரீ-மிக்ஸ் காத்துக்கொண்டிருக்கிறது.